வட்டுக்கோட்டைப் பாதையில் நின்றுபோன இயந்திரம்

யாழ்ப்பாண நகரினின்றும் வட்டுக்கோட்டைக்குச் செல்ல விரும்புவோர்க்கு வழிகள் இரண்டு உள்ளன. ஒன்று, மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை ஆகிய ஊர்களை ஊடறுத்து, வீடும் வேலியும் கடையும் கோயிலுமாகத் தொடர்ந்து செல்லும் பெருந்தெரு. மற்றது, காக்கைதீவுக் கரையை அணைந்து, கல்லுண்டாய் வெளியைக் கடந்து, அராலிப் பாலத்தின் மேலாகச் செல்லும் பாதை. முன்னையது துணையுள்ள வழி. பின்னையது காற்றுள்ள வழி. மாலை வேளையில் கடற்காற்றை அனுபவிக்க விரும்புவோர் பின்னையதையே நாடுவர். ஆயினும், வண்டி இடைவழியில் நின்றுவிட்டால், அவ்வெளியில் ஒதுங்க ஒரு மரநிழலும் கிடையாது. கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஒரு வீடும் அருகில் இராது.

குடாநாட்டில் ஆறில்லை என்பது பொதுவான பேச்சு. அப்பேச்சுக்கு விலக்காக, மாரிகாலத்தில் மாத்திரம் ஓடும் வழுக்கையாறு, தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து வயல்களினூடே வளைந்து வந்து, அராலியை அடுத்துக் கடல்நீரேரியோடு கலக்கின்றது. அதன் மேலமைந்த பாலத்தைத் தாண்டியவுடன் நிலத்தின் தோற்றமே மாறிவிடும். உவர்நிலம் பின்தங்க, நெல்வயலும் பனங்கூடலும் எதிர்கொள்ளும். நகரிலிருந்து ஏறக்குறைய 7 மைல் தூரம் வந்துவிட்டோம், இதுவே வட்டுக்கோட்டை.

கல்வியால் பெயர்பெற்ற ஊர்

இவ்வூரின் பெயரைக் கேட்டவுடன், அரசியலில் நாட்டமுள்ளோர் 1976ஆம் ஆண்டு மே மாதம் 14ஆந் திகதி இங்குள்ள பண்ணாகத்தில் நிறைவேறிய தீர்மானத்தை நினைப்பர். கல்வியில் நாட்டமுள்ளோர்க்கு அதற்கும் நெடுங்காலம் முற்பட்ட ஒரு நினைவு உண்டு. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் இங்கே ஓர் உயர்கல்விச் சாலையை நிறுவினர். தானியேல் பூர் என்பார் அதன் முதல் அதிபர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகப் புகழ்பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் இச்சாலையிற் கற்றவர்களே. 1855ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. அதன் வழித்தோன்றலாக, அதே வளாகத்தில், 1872ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்து, இன்றளவும் நின்று நிலவுகின்றது.

அச்சாலையின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு சந்திர கிரகணம் வருவதாயிருந்தது. அது எந்நேரம் தொடங்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது பற்றி, இப்பகுதியிற் புகழோடு விளங்கிய பஞ்சாங்கக் கணிதர் ஒருவரின் கணிப்பும், கல்விச்சாலையாரின் கணிப்பும் வேறுபட்டன. இருதிறத்தாரும் வாதத்தோடு அமையாது, குறித்த இரவிலே வானத்தை நோக்கினர். அன்று கல்விச்சாலையாரின் கணக்கே பொருந்தி நின்றது. வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது இன்று நமக்குப் பெரிதன்று. முன்னதாகக் கணித்துச் சொல்வதும், பின்னர் கண்ணால் நோக்கி ஒப்பிடுவதுமாகிய ஒரு முறை, இம்மண்ணிலே இருநூறு ஆண்டுகளுக்கு அணித்தாகவே வேரூன்றியது என்பதே கருதத்தக்கது. அம்முறை வானத்துக்கு மாத்திரம் உரியதன்று. தெருவோரத்தில் நின்றுபோன ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் அதுவே பொருந்தும் என்பதை இவ்வூரிலேயே காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

வெளியில் நின்ற வண்டி

அராலியில் வசிக்கும் நண்பர் ஒருவரோடு கல்லுண்டாய் வழியாக வந்துகொண்டிருந்தோம். வண்டி அவருடைய மகளுக்கு உரியது. அப்பெண் நகரத்து வைத்தியசாலை ஒன்றிலே தாதியாகப் பணிபுரிகின்றாள். வாரத்தில் சில நாள் இரவுப் பணி. அவள் இருட்டிய பின்னர் அவ்வெளியைத் தனியே கடக்கவேண்டியவள். அவ்வண்டியோ, சில வாரங்களாக ஓடும்போதே நின்றுவிடும் வழக்கத்தைக் கற்றுக்கொண்டிருந்தது. ஒரு திருத்தகத்தார் பிளக்கை மாற்றினர், குறை தீரவில்லை. பின்னர் கொயிலை மாற்றினர், அப்போதும் தீரவில்லை. அடுத்தபடியாகக் காபரேற்றரையே மாற்றவேண்டும் என்று சொல்லியிருந்தனர். உதிரிப்பாகங்களின் விலை 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதை வண்டி வைத்திருப்போர் அறிவர். பணம் போவதைக் காட்டிலும், "இன்று இரவு பிள்ளை வந்து சேருவாளோ" என்ற கவலையே தகப்பனாரை வாட்டியது.

அன்றும் வெளியின் நடுவே வண்டி நின்றது. சிறிது நேரம் பொறுத்து, மீண்டும் உதைத்துக் கிளப்பி, ஒருவாறு வட்டுக்கோட்டையை அடைந்தோம். அங்கே ஓர் ஒழுங்கையின் முகப்பில், தகரக் கொட்டிலின் கீழ், முதியவர் ஒருவர் திருத்தவேலை செய்துகொண்டிருந்தார். அவர் வண்டியைத் தொடவில்லை; சாவியையும் கேட்கவில்லை. வாங்கில் அமரச் சொல்லிவிட்டு வினாவத் தொடங்கினார்.

"தம்பி, உது நிக்கேக்கை எப்பிடி நிக்கிறது? டக்கெண்டோ, விக்கி விக்கியோ?"

"விக்கி விக்கித்தான் ஐயா. இழுவை குறைஞ்சு குறைஞ்சு வந்து நிக்குது."

"நிண்ட உடனை உதைச்சா எடுக்குதோ?"

"இல்லை. ஐஞ்சு பத்து நிமிசம் பொறுத்தால் ஒரே உதையிலை எடுக்கும்."

"பெற்றோல் நிரப்பின அண்டு கெதியா நிக்குதோ, குறைஞ்ச அண்டு கெதியா நிக்குதோ?"

நண்பர் சற்றே திகைத்தார். பின்னர் யோசித்துவிட்டு, "நிரப்பின அண்டுதான் ஐயா. குறைஞ்சு கிடந்தால் கன தூரம் ஓடும்" என்றார்.

முதியவர் முறுவலித்தார். "அப்ப பாதி வேலை முடிஞ்சுது" என்றார்.

நான்கு தேவைகள்

அவர் வினாக்களின் பொருளை வாசகர்கள் விளங்கிக்கொள்ள, இயந்திரத்தின் இயல்பைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். பெற்றோல் இயந்திரம் இயங்குவதற்கு வேண்டுவன நான்கு: எரிபொருள், காற்று, உரிய நேரத்தில் ஒரு தீப்பொறி, கலவையை நெருக்கும் அமுக்கம். இந்நான்கில் ஒன்று தவறினாலும் இயந்திரம் நின்றுவிடும். எது தவறியது என்பதை, அது நின்ற விதமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

விளக்கை அணைத்தாற்போலச் சட்டென்று நின்றால், மின்சாரத் தொடர்பை ஐயுறவேண்டும். பிளக்கின் மூடி தளர்ந்திருக்கலாம், பியூசு எரிந்திருக்கலாம், கைப்பிடியிலுள்ள நிறுத்தும் ஆளி தட்டுப்பட்டிருக்கலாம், பற்றறியின் முனைகளில் உப்புப் பூத்திருக்கலாம். கடற்காற்று வீசும் நம் பகுதியில், உப்பீரம் கம்பிமுனைகளை அரிப்பது பெருவழக்கு. ஆகவே, பாகங்களை மாற்றுமுன் முனைகளைத் துடைத்து இறுக்குவதே அறிவுடைமை.

விக்கி விக்கி, வலிமை குன்றி நின்றால், எரிபொருள் தடைப்படுகின்றது என ஊகிக்கலாம். தாங்கியின் திருகு மூடியிருத்தல், குழாய் மடிந்திருத்தல், வடிகட்டி அடைத்திருத்தல், காபரேற்றரின் கிண்ணத்தில் நீர் தங்கியிருத்தல் ஆகியன இவ்வகையைச் சார்ந்தவை. நீர் பெற்றோலிலும் பாரமானதாகையால் அடியிலே தங்கும். மாரிகாலத்தில் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, வடிவதை ஒரு கண்ணாடிப் போத்தலிற் பிடித்துப் பார்த்தால், அடியில் மணிமணியாக நீர் தெரியும்.

தெருச் சந்தியில் வேகத்தைத் தணிக்கும்போது மாத்திரம் நின்று, முறுக்கியவுடன் நன்றாக ஓடினால், காபரேற்றரின் சிறு துவாரம் அடைத்துள்ளது என்றோ, மந்த ஓட்டத்தின் அளவு குறைந்துள்ளது என்றோ கொள்ளலாம். சூடேறியபின் நின்று, உதைக்கும்போது வழமையான எதிர்ப்பின்றிக் கால் இலகுவாக இறங்கினால், அமுக்கம் ஒழுகுகின்றது. வால்வின் இடைவெளியைச் சீராக்கவேண்டும். மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த அவ்விடைவெளி இல்லாமற் போனால், சூட்டில் விரிந்த வால்வு முற்றாக மூடாது. இதற்கு மாறாக, உதைபடியே அசையாது இறுகினால், எண்ணெய் வற்றி உள்ளே பிடித்துக்கொண்டது என்பது பொருள். அப்போது பலாத்காரமாக உதைப்பது இயந்திரத்தை முற்றாகக் கெடுத்துவிடும்.

இக்காலத்தில் வரும் பல வண்டிகளில் காபரேற்றர் இல்லை. மின்பம்பி ஒன்று எரிபொருளை அமுக்கித் தெளிக்கின்றது. அவற்றில், சாவியைத் திருப்பியவுடன் கேட்கும் மெல்லிய இரைச்சலைச் செவிமடுக்க வேண்டும். அவ்வொலி கேளாவிடில், பம்பிக்கு மின் போகவில்லை, அல்லது பம்பி பழுது எனக் கொள்ளலாம். கருவி மாறினாலும் தேவைகள் நான்கும் மாறவில்லை.

இரண்டில் எது?

இனி நண்பரின் வண்டிக்கு வருவோம். விக்கி நின்றதால் எரிபொருட் குறை என்று தோன்றுகின்றது. ஆயினும், பொறுத்திருந்தால் மீண்டும் கிளம்புவது, சூட்டினால் மயங்கி, ஆறியபின் தெளியும் மின்பாகத்துக்கும் உரிய குணம். முந்திய திருத்தகத்தார் கொயிலை மாற்றியது இதனாலேயே. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது முதியவரின் மூன்றாவது வினா.

மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒரு துளை மாத்திரம் இட்டுக் கவிழ்த்தால், எண்ணெய் தயங்கித் தயங்கி விழும், ஈற்றில் நின்றுவிடும். மறுபக்கத்தில் இன்னொரு துளை இட்டால் ஒரே சீராக ஓடும். வெளியேறிய எண்ணெயின் இடத்தை நிரப்பக் காற்றுப் புகவேண்டும் என்பதே காரணம். மோட்டார் சைக்கிளின் தாங்கிக்கும், அதன் மூடியில், அல்லது அதனோடு இணைந்த குழாயில், காற்றுப் புக நுண்ணிய வழி ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால், பெற்றோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் பெருகி, ஈற்றில் பெற்றோலைத் தடுத்து நிறுத்திவிடும். சிறிது நேரத்தில், மூடியின் ஓரத்தால் காற்றுக் கசிந்து உட்புக, மீண்டும் வண்டி கிளம்பும். தாங்கி நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்குரிய இடம் சொற்பம். ஆகவே வெற்றிடம் விரைவில் உண்டாகும். குறைந்திருந்தால் தாமதமாகும். கொயிலுக்கோ, தாங்கி நிறைந்ததும் குறைந்ததும் தெரியாது.

முதியவர் இதனை விளக்கிவிட்டு, "நான் சொல்லுறதை நம்ப வேண்டாம் தம்பி. பொன்னாலைப் பாலம் மட்டும் ஓடிப் பாருங்கோ. நிண்ட உடனை மூடியைத் திறவுங்கோ. சூ எண்டு காத்து இழுத்து, உடனை உதைக்க எடுத்தால் மூடிதான். எடுக்காட்டி நான் சொன்னது பிழை. வாங்கோ, பொறியைப் பாப்பம்" என்றார். தம் கணிப்பு எப்போது பிழையாகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடும் அந்த நேர்மை எம்மைக் கவர்ந்தது.

தாங்கியை நிரப்பிக்கொண்டு, மூளாய்ப் பக்கமாகப் பொன்னாலைக்குச் சென்றோம். வரதராசப் பெருமாள் கோயிலைக் கடந்தால், காரைநகருக்குச் செல்லும் நீண்ட பாலம் தொடங்கும். இருமருங்கும் ஆழமற்ற கடல். ஆங்காங்கே மீனவரின் களங்கண்ணிகள். நீரில் அசையாது நிற்கும் கொக்குகள். பாலத்தின் நடுப்பகுதியை அணுகும்போது வண்டி விக்கியது, நின்றது. நண்பர் உடனே மூடியைத் திறந்தார். உள்ளே காற்று இழுபடும் ஓசை தெளிவாகக் கேட்டது. ஒரே உதை, இயந்திரம் முழங்கியது. மூடியை மெல்லிய கம்பியால் ஆராய்ந்தபோது, துவாரத்தில் புழுதியும் துருவும் சேர்ந்து இறுகியிருந்தன. அதனை அகற்றி, காரைநகர் சென்று திரும்பினோம். வண்டி ஒருமுறையேனும் நிற்கவில்லை. முதியவர் கூலி வாங்க மறுத்து, தேநீர் மாத்திரம் ஏற்றுக்கொண்டார்.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

"இதையெல்லாம் எங்கே பயின்றீர்கள், ஐயா?" என்று வினவினோம். "பெற்றோல் இல்லாத காலம் படிப்பிச்சது" என்பதே மறுமொழி.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்குப் பல பொருள்கள் வருவது தடைசெய்யப்பட்டது. பெற்றோல் அவற்றுள் ஒன்று. மின்சாரமும் இல்லாதொழிந்தது. சிறிய போத்தலுக்குள் திரியிட்டு, சொற்ப மண்ணெண்ணெயில் எரியும் விளக்கின் ஒளியிலேயே ஒரு தலைமுறை மாணவர் பாடம் படித்தனர். அதே மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள்களும், மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்களும் ஓடின.

அது எங்ஙனம் இயலும் எனில், குடாநாட்டுத் தோட்டக்காரர் அதற்கு முன்னமே அறிந்த ஒன்றின் வழியாகவே. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் நீரிறைக்கும் இயந்திரங்களைப் பெற்றோலிற் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அவர்களின் வழக்கம். பெற்றோல், பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியசு அளவான குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கோ, அதற்கு ஏறக்குறைய 40 பாகைச் சூடு வேண்டும். ஆகையால் குளிர்ந்த இயந்திரத்தில் அது எரியாது. சூடேறிய இயந்திரத்தில் எரியும். வண்டிக்காரர் ஒரு சிறு போத்தலிற் பெற்றோலை மருந்துபோலப் பாதுகாத்து, காபரேற்றருக்குச் சில துளிகள் ஊட்டி, உதைத்துக் கிளப்பி, அது அணையுமுன் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவர்.

அக்காலத்தில் ஓடும் வண்டி நிற்பது அன்றாட நிகழ்ச்சி. மழை நனைத்து இயந்திரம் குளிர்ந்தால் நிற்கும். நெடுநேரம் மந்தமாக ஓடினால் நிற்கும். மண்ணெண்ணெய் முற்றாக எரியாது கரிபடிவதால், பிளக்கு கறுத்து, பொறியிழந்து நிற்கும். பிளக்கைக் கழற்றித் துடைக்கும் சாவி இல்லாமல் எவரும் புறப்படார். எரியாத எண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்வதால், அதனையும் அடிக்கடி மாற்றவேண்டும். நெருக்கும் வலு குறைந்த பழைய இயந்திரங்களே இவ்வெரிபொருளைத் தாங்கின. வலு மிகுந்தவை தட்டொலி எழுப்பித் தவித்தன. புதிய பாகம் வாங்க வழியில்லை. ஆகவே, மாற்றிப் பார்ப்பது என்ற எண்ணமே ஒருவருக்கும் எழவில்லை. ஆராய்ந்து பார்ப்பது ஒன்றே எஞ்சிய வழியாயிருந்தது. பிரசவ வேதனையிலிருந்த பெண்களும், காயமுற்றோரும் அவ்வண்டிகளிலேயே வைத்தியரிடம் சென்றனர். இயந்திரம் ஏன் நின்றது என்பதை விரைந்து அறிவது, அன்று ஓர் உயிரின் விலையாயிருந்தது.

நினைவிற் கொள்ளத்தக்கவை

இளைஞருக்கும், இன்று பெருந்தொகையாக வண்டி ஓட்டும் பெண்மக்களுக்கும் பயன்படும் சில குறிப்புகளைச் சொல்லி முடிப்போம்.

ஓடும் வண்டி விக்கத் தொடங்கியதும் கிளச்சைப் பிடித்து, பின்வருவோர்க்குச் சைகை காட்டி, தெருவின் ஓரத்துக்கு வருதலே முதற் கடமை. காரணம் ஆராய்வது அதற்குப் பின்னர்தான்.

உதைக்குமுன் எண்ணிப் பார்க்கவேண்டும்: சட்டென நின்றதா, மெல்ல நின்றதா? சூட்டிலா, குளிரிலா? மழைக்குப் பின்னரா, பெற்றோல் நிரப்பிய பின்னரா? இவ்விடைகளை ஒரு தாளிற் குறித்துக்கொண்டு திருத்துவோரிடம் சென்றால், அவர் நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும்.

செலவில்லாதவற்றை முதலில் நோக்கவேண்டும். நிறுத்தும் ஆளி, பெற்றோலின் அளவு, தாங்கியின் திருகு, மூடி, பிளக்கின் தொப்பி, பியூசு, பற்றறி முனை ஆகிய ஏழையும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பொறியைச் சோதிப்போர், கழற்றிய பிளக்கின் உலோகப் பகுதியை இயந்திரத்தின் உடலிற் பொருத்தி, பிளக்குத் துளைக்கு அப்பால் வைத்தே உதைக்கவேண்டும். துளையினின்று வரும் ஆவி தீப்பற்றக்கூடியது. சிந்திய பெற்றோல் உலரும்வரை பொறியைச் சோதித்தலும், அருகிற் புகைத்தலும் ஆகா. நீலப்பொறி நன்று, மங்கிய செம்பொறி பழுதின் அறிகுறி. பிளக்கின் முனை இளங்கபில நிறமாயிருந்தால் எரிதல் சீராக உள்ளது. கரிந்திருந்தால் எரிபொருள் மிகை, அல்லது காற்றுவடிகட்டி அடைப்பு. வெளுத்திருந்தால் எரிபொருட் குறை.

ஈற்றாக, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றவேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றிக் குறை தீர்ந்தால், எதனால் தீர்ந்தது என்பதை ஒருபோதும் அறியமாட்டோம். அறியாது தீர்ந்த குறை, அறியாமலே திரும்பிவரும்.

தடைக்காலம் கழிந்தது. அக்காலத்தைக் கைவேலையாற் கடந்தவர்கள் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்களின் அறிவு ஏட்டில் எழுதப்பட்டதன்று. தகரக் கொட்டில்களின் கீழே, கரிபடிந்த விரல்களிலே தங்கியுள்ளது. யாழ்ப்பாணக் கல்லூரியையும், பழைய தேவாலயத்தையும், பொன்னாலைக் கோயிலையும் காண வட்டுக்கோட்டைக்குச் செல்லும் மாணவர்கள், ஒழுங்கை முகப்பிலுள்ள இத்தகைய ஒரு கொட்டிலிலும் அரைமணி நேரம் அமர்ந்து, அங்கு கேட்கப்படும் வினாக்களைச் செவிமடுப்பார்களாயின், அதுவும் அவ்வூரின் கல்விச்சாலைகளுள் ஒன்று என்பதை உணர்வர்.